வீடு பெரும்பாக்கத்தில், வியாபாரம் காசிமேட்டில்: என்ன செய்வது?

கேள்வி:

மேடத்துக்கு வணக்கம். நாங்கள் கொருக்குப்பேட்டையில் கால்வாய் ஓரம் குடியிருக்கிறோம். மாமியார் காலத்திலிருந்து இதே இடம்தான். நான் மீன் வியாபாரம் செய்கிறேன். விடியற்காலையில் காசிமேட்டில் சரக்கு எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்பேன். ஐயாயிரத்துக்குச் சரக்கு எடுத்தால் மூவாயிரம் கடன்தான். எல்லாம் போக ஒரு நாளைக்கு 700 கையில் நிற்கும். வாரத்தில் ஆறு நாள் போவேன். வீட்டுக்காரர் மண்ணடியில் மூட்டை தூக்குகிறார். வாரத்துக்கு நாலு நாள் வேலை இருக்கும், நாளுக்கு 800. பெரிய பெண் பத்தாவது படிக்கிறாள். கொழுந்தனார் குடும்பமும் எங்கள் கூரைக்குக் கீழேதான், தடுப்பு வைத்துத் தனியாகச் சமைக்கிறார்கள்.

போன மாதம் கணக்கெடுக்க வந்தார்கள். கால்வாய் ஓரத்தைக் காலி செய்ய வேண்டுமாம், தெற்கே பெரும்பாக்கத்தில் ஹவுசிங் போர்டு வீடு தருவோம் என்கிறார்கள். தெருவில் பாதிப் பேர் ரேகை வைத்துவிட்டார்கள். வைக்கவே கூடாது என்று மீதிப் பேர் சொல்கிறார்கள். என் தம்பியோ, "வீட்டை வாங்கி வாடகைக்கு விட்டுவிட்டு நீ இங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கு" என்கிறான். மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வரும் இடம் இது. நல்ல வீட்டில் இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அங்கே போய் என்ன செய்து பிழைப்பது? வாங்கலாமா, வேண்டாமா?

- ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்:

அன்புள்ள அக்கா,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். ரேகை வைக்காமல் இருந்துவிடாதீர்கள். கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் விடுபட்டால், நாளைக்கு இடத்தைக் காலி செய்யும்போது எந்த வீடும் கிடைக்காமல் போகும். அப்புறம் பட்டியலில் பெயர் சேர்க்க அலைவது பெரிய பாடு. ரேகை வைத்தால் நீங்கள் அங்கே குடியிருந்ததற்கு ஒரு பதிவு கிடைக்கும். அதனாலேயே பெரும்பாக்கம் போகச் சம்மதம் என்று எழுதிக்கொடுத்ததாக ஆகிவிடாது. அதற்குத் தனியாக ஏதாவது தாள் நீட்டினால் மட்டும், அதில் என்ன இருக்கிறது என்று பெரிய பெண்ணை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "சொந்த விருப்பத்தின் பேரில்" என்று ஒரு வரி இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடமோ ஒரு வக்கீலிடமோ காட்டுங்கள்.

கொழுந்தனார் குடும்பத்துக்கும் தனியாகப் பதியச் சொல்லுங்கள். ஒரு கூரை, ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போவது அடிக்கடி நடக்கிறது. அவர்களுக்குத் தனி ரேஷன் அட்டை இருந்தால் அதுவே நல்ல ஆதாரம். இல்லாவிட்டால் கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று என்று கிடைப்பதையெல்லாம் எடுத்து வைக்கட்டும்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வாங்கலாமா வேண்டாமா என்பதை வீட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தொழிலைக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். அரசாங்கத்தின் கணக்கில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு கொடுத்ததோடு வேலை முடிந்துவிடுகிறது. உங்கள் கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

நீங்கள் எழுதிய தொகையையே வைத்துப் பார்ப்போம். வாரத்துக்கு உங்களுக்கு 4,200, வீட்டுக்காரருக்கு 3,200. இரண்டும் சேர்ந்து 7,400 ரூபாய். பெரும்பாக்கத்திலிருந்து காசிமேடு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். ஏலத்துக்கு இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் நிற்க வேண்டும் என்றால் அங்கிருந்து ஒரு மணிக்கே கிளம்ப வேண்டும். மகளிருக்குப் பேருந்தில் இலவசம் என்பது உண்மைதான், 2021-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்துக்குப் பேருந்தை நம்பி வியாபாரம் செய்ய முடியாது. மீன் கூடையோடு ஏறினால் என்ன நடக்கிறது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2021 டிசம்பரில் குளச்சலில் ஒரு வயதான மீன்கார அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் மேல் நடவடிக்கை வந்தது. நடவடிக்கை வந்தது நல்லதுதான். அன்றைக்கு அந்த அம்மாவுக்கு வந்த அவமானம் அதனால் இல்லாமல் போய்விடாது.

சரி, நாலு பேர் சேர்ந்து ஒரு டாடா ஏஸ் பேசிக்கொள்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 300 ரூபாய் என்றால்கூட வாரத்துக்கு 1,800 போய்விடும். உங்கள் 4,200-ல் மிஞ்சுவது 2,400. வீட்டுக்காரர் விஷயம் இன்னும் கஷ்டம். மூட்டை வேலை, காலையில் லாரி வந்து நிற்கும்போது யார் அங்கே இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் போகும். தெற்கிலிருந்து பேருந்து மாறி மாறி ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேருபவருக்கு நாலு நாள் வேலை இரண்டு நாளாகும். பிறகு பல ஆண்கள் செய்வதைத்தான் அவரும் செய்வார். வாரம் முழுக்க மண்ணடியிலேயே கடை வாசலில் படுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். இதற்கு முன் இதே மாதிரி மக்களைக் கொண்டுபோய் வைத்த கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் இப்படி எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து வாழ்கின்றன.

கூவம் கரையிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 2,500 ரூபாய் வீதம் ஓர் ஆண்டுக்குப் பிழைப்பூதியம் என்று அரசு நிர்ணயித்தது. உங்களுக்கும் அதே மாதிரி கொடுத்தால், வண்டிக் கூலியில் மட்டும் மாதம் ஏழாயிரத்துக்கு மேல் போகிற இடத்தில் அது எந்த மூலைக்கு? கொடுத்தால் விடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ரூபாய்க் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. என் வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உங்களுக்கு மூவாயிரத்துக்குக் கடன் சரக்கு தருகிறாரே ஒருவர், அவர் எந்தப் பத்திரமும் கேட்பதில்லை. எந்தத் தெரு, யார் வீட்டு மருமகள், மாமியார் எத்தனை வருஷமாகக் கூடை தூக்கினார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு நாள் வரவில்லை என்றால் ஆள் அனுப்பி விசாரிக்கலாம். அந்த நம்பிக்கைதான் உங்கள் முதல். முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனவருக்கு அவர் அதே மனதோடு கடன் கொடுப்பாரா? தெருமுனையில் உங்களிடம் வாங்குகிறவர்களும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை வஞ்சிரம் எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், நீங்கள் பத்து நாள் வராவிட்டால் வேறு கூடைக்குப் பழகிவிடுவார்கள். சீட்டு, கைமாற்று, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரி எல்லாம் இந்தத் தெருவோடு ஒட்டியவை. கூடையையும் தராசையும் மூட்டை கட்டி எடுத்துப் போகலாம், இதையெல்லாம் எடுத்துப் போக முடியாது.

உலக வங்கியில் வேலை செய்த மைக்கேல் செர்னியா என்ற சமூகவியலாளர், பல நாடுகளில் இடம்பெயர்த்தப்பட்ட மக்களைப் பார்த்து, அவர்களை ஏழ்மையில் தள்ளும் 8 ஆபத்துகளைப் பட்டியலிட்டார். வீடு இழப்பது அதில் ஒன்றுதான். வேலை போவது, உணவுக்குத் தட்டுப்பாடு, நோய், எல்லோருக்கும் பொதுவாக இருந்த இடங்களை இழப்பது, உறவுகள் சிதறுவது ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன. புது வீடு ஒன்றைக் கொடுத்தால் இவற்றில் ஒன்றுக்குத்தான் பதில் கிடைக்கும். மற்றவற்றுக்குப் பதில் இல்லாமல் வீட்டை மட்டும் கொடுத்ததன் விளைவைச் சென்னையிலேயே பார்த்துவிட்டோம். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்ட மீனவக் குடும்பங்களில் பலர் கடலோரத்துக்கே திரும்பி வந்தார்கள். கடல் இல்லாத இடத்தில் அவர்கள் என்ன செய்வார்கள்? கண்ணகி நகரில் இன்னொரு கஷ்டம். முகவரியைச் சொன்னதும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் அங்கே நிறைய. அங்கே வளர்ந்த பிள்ளைகள் படித்து, விளையாடி அந்தப் பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பாரத்தைப் பிள்ளைகள் தலையில் வைத்தது யார் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அதற்காக, கால்வாய் ஓரத்திலேயே இருந்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நீர்நிலைப் புறம்போக்கில் இருக்கும் குடியிருப்பைக் காலாகாலத்துக்கும் காப்பாற்றுவது கஷ்டம். ஒவ்வொரு மழைக்கும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவதும் ஒரு வாழ்க்கை இல்லை. நல்ல வீட்டில் இருக்க ஆசை என்று எழுதியதற்கு நீங்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது வடசென்னைக்குள்ளேயே நல்ல வீடு.

அது கேட்கக்கூடாத கேள்வியும் இல்லை. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியபோதே, மக்களை இருந்த இடத்திலோ பக்கத்திலோ வைத்து வீடு கட்டித் தருவதுதான் முக்கியமான வழியாக இருந்தது. நகரத்துக்கு வெளியே மொத்தமாகக் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் பெரிதானது 2000 வாக்கில் கண்ணகி நகரோடுதான். இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கிறது, சனங்கள் வாயில் ஹவுசிங் போர்டுதான். வடசென்னையிலேயே மூலக்கொத்தளத்திலும் புளியந்தோப்பு கே.பி. பார்க்கிலும் அடுக்குமாடிகள் கட்டியிருக்கிறார்கள். கே.பி. பார்க்கில் 2021-ல் பூச்சு கையோடு உதிர்ந்து வந்தது ஊருக்கே தெரியும், ஆகவே எந்தக் கட்டடமானாலும் நேரில் போய்ப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். ஆனாலும் அங்கிருந்து காசிமேடு ஷேர் ஆட்டோ தூரம். 2024-ல் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று பெரிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வளர்ச்சியில் வடசென்னைக்காரர்களுக்கு இடம் வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

எப்படிக் கேட்பது? எழுத்தில் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள். உங்கள் தெருவில் கூடை வியாபாரம், மூட்டை வேலை, வீட்டு வேலை செய்கிற எல்லோருடைய தொழிலையும் ஒரே மனுவில் எழுதுங்கள். யார் எங்கே, எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், ஒரு நாள் வருமானம் எவ்வளவு, பெரும்பாக்கத்திலிருந்து வந்து போக எவ்வளவு ஆகும் என்று வீட்டுக்கு வீடு கணக்கு இருக்கட்டும். அதிகாரிகளிடம் "பிழைப்பு போயிடும் சார்" என்று வாயால் சொன்னால் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நாற்பது குடும்பத்தின் கணக்கு கையெழுத்தோடு கோப்பில் ஏறினால் அதற்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும். வாரியத்தின் மேலாண்மை இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பி வராதீர்கள்.

மனுவில் பத்தாவது படிக்கும் உங்கள் பெண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பொதுத்தேர்வு முடியும் வரை எங்களை மாற்றக் கூடாது என்று தெருவில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளின் பேரையும் வகுப்பையும் போடுங்கள். படிப்பு ஆண்டின் நடுவில் மாற்றப்பட்ட இடங்களில், பள்ளியை விட்டு நின்றவர்களில் பெண் பிள்ளைகள் அதிகம். தூரப் பேருந்தில் தனியாக அனுப்பப் பயந்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள், அடுத்த வருஷம் கல்யாணப் பேச்சு வரும். உங்கள் பெண்ணுக்கு அது நடக்கக் கூடாது.

சட்டப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் சொன்னது. அதே தீர்ப்பு வெளியேற்றத்தை அடியோடு தடுத்துவிடவில்லை, முறையாக அறிவிப்புக் கொடுத்துச் செய்ய வேண்டும் என்றது. அதனால் நீதிமன்றம் போனால் போதும் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள். உங்கள் தெரு, 1971-ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட இடமா என்று தெரிந்துகொள்வது முக்கியம். 1971-ல் 1,202 பகுதிகளும், 1985-ல் 17 பகுதிகளும் அப்படி அறிவிக்கப்பட்டன. பட்டியலில் இருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி வாரியத்துக்கு ஒரு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

வியாபார இடத்தையும் உடனே காகிதத்தில் கொண்டு வாருங்கள். வீடு எங்கே மாறினாலும் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருமுனை உங்கள் கையில் இருக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சி உங்களுக்கு விற்பனைச் சான்று தர வேண்டும். மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். அந்தச் சான்று இருந்தால், தெரு வியாபாரிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் ஸ்வநிதி கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். முதல் தவணை 10,000 ஆக இருந்தது, 2025-ல் 15,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். ஏலக்காரரின் கடன் அறுந்துபோனால் அந்தப் பணம் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். தினமும் வசூலிக்கும் தண்டல் வட்டிக்குப் போகாமல் தப்பிக்க அந்தப் பணமாவது வேண்டும். புது இடத்துக்குப் போன முதல் மூன்று மாதத்தில்தான் பலர் தண்டல்காரரிடம் மாட்டுகிறார்கள்.

இனி உங்கள் தம்பி சொன்ன யோசனை. அவர் உங்கள் மேலுள்ள அக்கறையில்தான் சொல்கிறார், கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒதுக்கீட்டு வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்பது ஒதுக்கீட்டு ஆணையின் நிபந்தனை. வீடு வீடாக வந்து சோதிப்பார்கள், வேறு ஆள் இருந்தால் ஒதுக்கீட்டை ரத்து செய்யலாம். அப்போது இங்கே கால்வாய் ஓர வீடும் இருக்காது, அங்கேயும் இருக்காது, மறுபடி பயனாளி என்று விண்ணப்பிக்கவும் முடியாது. கொருக்குப்பேட்டையில் ரூமுக்கு அட்வான்ஸும் வாடகையும் கொடுக்க, பெரும்பாக்கத்தில் வருகிற வாடகை போதுமா என்றும் அவரையே கேட்டுப் பாருங்கள். நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

எல்லாம் கேட்டும் பெரும்பாக்கம்தான் என்று வந்துவிட்டால்? அப்போதும் போகும் விதத்தில் கொஞ்சம் உங்கள் கையில் இருக்கிறது. குலுக்கலில் ஆளுக்கு ஒரு பிளாக் என்று சிதறிப் போகாமல், ஒரு தெருக்காரர்களுக்கு ஒரே பிளாக்கில் தரச் சொல்லி அந்த மனுவிலேயே எழுதுங்கள். சுய உதவிக் குழுவும் சீட்டும் பிழைக்க அது ஒன்றுதான் வழி. மாமியார் உங்களோடு இருந்தால், வயதைக் காட்டிக் கீழ்த்தளம் கேளுங்கள். எட்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் நின்றால் ஐஸும் கூடையுமாக நீங்கள் ஏற முடியாது. ஒதுக்கீடு உங்கள் பெயரில் வரட்டும்.

வியாபாரத்தை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். முதல் ஆறு மாதம் வாரத்தில் மூன்று நாளாவது வண்ணாரப்பேட்டைக்கு வாருங்கள், முடிந்தால் காசிமேட்டுப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் முந்தின இரவு தங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கைக்காரர்களுக்கு உங்கள் நாள் எது என்று தெரிந்தால் காத்திருப்பார்கள். மீதி நாளில் அங்கேயே விற்றுப் பாருங்கள். ஹவுசிங் போர்டுக்குள் எல்லோருமே வருமானம் குறைந்து வந்தவர்கள், அங்கே மத்தியும் நெத்திலியும்தான் போகும், வஞ்சிரம் தேங்கும். சோழிங்கநல்லூர்ப் பக்கத்து அப்பார்ட்மென்ட்காரர்கள் வெட்டிக் கழுவிக் கொடுத்தால் வாங்குவார்கள், ஆனால் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பெண்களோடு முதலில் பேசிக்கொள்ளுங்கள், சண்டையில் தொடங்க வேண்டாம். சரக்குக்கு தினமும் காசிமேடு வரவேண்டும் என்றும் இல்லை. நீலாங்கரை, கோவளம் பக்கக் குப்பங்களில் கரையிலேயே எடுக்கலாம். கடன் மட்டும் அங்கே உடனே கிடைக்காது.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை: மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறீர்களா? இருந்தால், ரேஷன் அட்டையைப் புது முகவரிக்கு மாற்றுவதற்கு முன்னால் சங்கத்தில் போய்ப் பேசுங்கள். மீனவ மகளிருக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 கட்டினால் மாநில அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. முகவரி மாறியதும் பெயரை எடுத்துவிடாமல் இருக்க என்ன தாள் வேண்டும் என்று அவர்களிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மனுவை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், கொடுப்பதற்கு முன் வாசித்துத் திருத்தித் தருகிறேன்.